மதிய நேரத்து டெய்சி

போன வாரம் ஏ.டி.எம். கார்டைத் தொலைத்துவிட்டேன். முடக்கச் சொல்லலாம் என்று வங்கிக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் எடுத்தது. அவசரமே இல்லாத, ஜென்மத்தில் சளி பிடிக்காத குரல். தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று அவ்வளவு கனிவாகக் கேட்டதும் நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கோபர்கைரனே மார்க்கெட்டில் பர்ஸைத் திறந்தது, கொத்தமல்லிக்காரியிடம் பேச்சுக்கொடுத்தது, ரிக்‌ஷாவில் ஏறியது என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் குரல், "இந்திக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது. இத்தனைக்கும் நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். மெஷினுக்கும் மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதே என்று சிரிப்பாக வந்தது.

ஆனால் அந்தக் குரல்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெயரில் ஒருத்தி கிடையாது என்பது எனக்குத் தெரியும். நானும் பல வருஷம் அப்படித்தான், இல்லாத ஒருத்தியின் பெயரில் போனை எடுத்துச் சம்பளம் வாங்கினேன். அவள் பெயர் டெய்சி.

டெய்சி என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாள். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய பல்லார்ட் பியரில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. அதன் டெலிபோன் போர்டில் பல காலம் உட்கார்ந்திருந்த கோவாக்காரி. கல்யாணமாகி பஹ்ரைன் போய்விட்டாள். வாடிக்கையாளர்களோ டெய்சி, டெய்சி என்று பழகிப்போனவர்கள். மஞ்சள் ஏற்றுமதி செய்கிற குஜராத்தி சேட், மஸ்ஜித் பந்தர் வெங்காய வியாபாரி, எல்லோருக்கும் டெய்சிதான் கம்பெனி. அதனால் மேனேஜர், நல்ல மனிதர், பார்சிக்காரர், ஒரு முடிவுக்கு வந்தார். யார் போனை எடுத்தாலும் டெய்சி என்றே சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். காலையில் அலமேலு. மதியம் ஒரு மணிக்கு மேல் நான். போர்டில் இல்லாத நேரத்தில் மற்றவள் பக்கத்து மேஜையில் டைப் அடிக்க வேண்டும்.

அலமேலு மாட்டுங்காக்காரி. பூர்வீகம் பாலக்காடு. கணவர் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா, ஒரு பையன், மாமியார். நான் தாராவி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதைதான், நடந்தே போய்விடலாம். ஆனால் அந்த ஆபீசில் சேரும்வரை நான் மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குள் போனது கிடையாது, அவள் தாராவியை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவள்.

இந்த இருவரும் ஒரே குரலில் பேச வேண்டும். அவளுக்கு ஒவ்வொரு வாக்கியமும் மேலே ஏறிப் போய் நிற்கும். எனக்கு எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவில் ஒரு குரலை உண்டாக்கினோம். அது நாளாவட்டத்தில் என்னை வீடுவரை தொடர்ந்து வந்துவிட்டது. ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டதற்கு என் வாயில் "எஸ் ப்ளீஸ்" என்று வந்துவிட, அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏட்டி, உப்ப எடுத்துட்டு வான்னா ப்ளீஸுங்கே! ஒனக்கு என்ன பேய் கீய் பிடிச்சிருக்கா?"

ஒரு மணிக்கு போர்டு கைமாறும். அலமேலு ஹெட்செட்டைக் கழற்றி, காதில் வைக்கும் பஞ்சை ஓடிகோலன் சென்ட் நனைத்த கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டுவாள். எவ்வளவு துடைத்தாலும் அதில் அவளுடைய கறிவேப்பிலை எண்ணெய் வாசம் இருக்கும். என் மல்லிகைப்பூ வாசம் அவளுக்குத் தலைவலி. இன்றைக்கும் எங்காவது ஓடிகோலன் வாசம் வந்தால் எனக்கு ஒரு மணி ஆகிவிட்டதுபோலப் பசிக்கும்.

ஹெட்செட்டோடு டெய்சியின் வாழ்க்கையும் கைமாறும். இது ரொம்ப முக்கியம். காலையில் சேட்டிடம் டெய்சி என்ன சொன்னாள் என்பது மதியத்து டெய்சிக்குத் தெரிந்தாக வேண்டுமே. "சேட்டோட பொண்ணுக்குப் புள்ளை பொறந்துடுத்து. நோக்கு லேசா ஜலதோஷம், காலம்பறவே சொல்லிட்டேன், மறந்துடாதே" என்பாள். நான் உடனே மூக்கை உறிஞ்சத் தயாராகிவிடுவேன். பழைய டெய்சிக்கு பாந்த்ராவில் ஓர் அம்மா இருந்தாளாம், முட்டிவலிக்காரி. வாடிக்கையாளர்கள் அவளை விசாரிக்காமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். அந்த அம்மாவையும் நாங்கள்தான் காப்பாற்றி வந்தோம்.

அதில் ஒரு தடவை சறுக்கினோம். வெங்காய வியாபாரி போனில் பிடித்தால் விடமாட்டார். போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, தப்பிக்க வழி தெரியாமல் அலமேலு, "அம்மா தவறிவிட்டார், இப்போது பேசமுடியவில்லை" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கென்று என்னிடம் சொல்ல மறந்தாள். மதியம் அவர் தழுதழுத்த குரலில் அம்மாவைப் பற்றிக் கேட்டார். நான் உற்சாகமாக, முட்டி இப்போது தேவலை, மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "பகவான் பெரியவன்" என்று சொல்லி வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் நாங்கள் இருவரும் டைப்ரைட்டர் உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம்.

நான் ஏதோ போர்டு, ஹெட்செட் என்று பேசிக்கொண்டு போகிறேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பீரோ மாதிரி ஒரு பலகை. அதில் வரிசையாக ஓட்டைகள், விளக்குகள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து யார் பேச வேண்டுமென்றாலும் நாங்கள் வயரைச் செருகினால்தான் உண்டு. மேனேஜரே ஆனாலும் எங்களைக் கேட்டுத்தான் அவர் மனைவியிடம் பேச முடியும். அந்தக் கர்வம் எங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துகொண்டிருந்த சமயம் அது. ஒருநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். புதுப் பெட்டி ஒன்று வரப்போகிறது, டிபன் டப்பா அளவுதான், அவரவர் மேஜையிலிருந்தே நேராகப் பேசிக்கொள்ளலாம், இனி ஒரு டெய்சி போதும் என்றார். யாரை வைத்துக்கொள்வது என்று அவருக்கும் புரியவில்லை. முக்கியமான வாடிக்கையாளர்களிடம் எந்த ஆபரேட்டர் நன்றாகப் பேசுகிறாள் என்று கேட்டுப் பார்த்தாராம். எல்லோரும் டெய்சி என்றார்களாம். "நீங்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று எங்கள் தலையில் போட்டுவிட்டார்.

அப்பா வேலை பார்த்த பட்டறையைத் தாராவியை விட்டே எடுத்துவிட்டார்கள். தோல் பதனிடும் இடங்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. அவர் வயதுக்கு இன்னொரு பட்டறையில் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அலமேலுவுக்கு அந்த அளவுக்கு நெருக்கடி இல்லை. ஆனால் அந்த வேலை அவளுக்கு உயிர். "நாள் முழுக்க ஆத்துல இருன்னா நேக்குப் பைத்தியம் பிடிச்சுடும்டி" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மாமியாரின் வாய் அப்படி.

சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் ஆரம்பித்தாள். "நான் நின்னுக்கறேன். நேக்கென்ன, மாட்டுங்கா பூரா மாமாக்கள் இருக்கா. சாயங்காலம் கோவிலுக்குப் போய் ஒரு சுத்து சுத்தி வந்தா நாலு ஆபீஸ்ல சொல்லி வெச்சுடுவா. நோக்கு யாருடி இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு ஆளில்லன்னு ஒங்கிட்ட யாரு சொன்னா? தாராவி பூரா எங்க ஆளுகதான்."

"இருக்காடி. யாராவது ஆபீஸ்ல உக்காந்துண்டிருக்காளா?"

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகம் அது. அவளுடைய கணவர், அண்ணன், அண்ணனின் மச்சினன் எல்லோருமே ஒரு மாமா சொல்லி, இன்னொரு மாமாவின் ஆபீசில் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள். பாலக்காட்டிலிருந்து ரயில் ஏறும்போதே பையனுக்கு வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருக்கும். எங்கள் பக்கத்திலும் ஆளுக்கு ஆள் சொல்லித்தான் வேலை, ஆனால் அது பட்டறை வேலை. நான் ஒருத்திதான் பேப்பரில் விளம்பரம் பார்த்து ஆபீசுக்குள் வந்தவள். அவள் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அன்று மதியம் ஹெட்செட்டை வாங்கும்போது காலையில் நடந்த எதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. டெய்சி அன்றைக்கு அரை நாள் எதுவும் தெரியாமல் உளறினாள்.

மறுநாள் காலையில் அவள் எனக்கு முன்னால் வந்து மேனேஜரைப் பார்த்துவிட்டிருந்தாள். என்னிடம் வந்து, நரிமன் பாயிண்டில் ஒரு பெரிய கம்பெனியில் இடம் கிடைத்துவிட்டது, மாமா ஒருத்தர் முந்தாநாளே சொல்லி முடித்துவிட்டார் என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன்.

"சேர்ற வரைக்கும் சொல்லப்டாது. கண்ணு பட்டுடும்."

அதை அவள் டெய்சியின் குரலில் சொன்னாள். அத்தனை வருஷம் நாங்கள் இருவரும் அந்தக் குரலில் எவ்வளவு பொய் சொல்லியிருப்போம். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அவ்வளவுதான். அவள், "சீ, அசடு, விளக்கு எரியறது பாரு" என்று போர்டுக்குத் திரும்பிவிட்டாள்.

புதுப் பெட்டி வர இன்னும் சில நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை நானே பழைய போர்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி ஆனதும் கை பாட்டுக்கு ஹெட்செட்டைக் கழற்றி, பஞ்சைத் துடைத்து, பக்கத்தில் நீட்டிவிட்டது. பக்கத்து மேஜையில் டைப்ரைட்டர் மட்டும் உறை போட்டு இருந்தது. ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். அதன்பிறகு நான் முழுநாள் டெய்சி.

நான் அந்தக் கம்பெனியிலேயே ரிசப்ஷனுக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் போய், கப்பல் டாக்குமெண்டுகள் பார்க்கும் பிரிவுக்குத் தலைவியாகி, அங்கேயே ரிட்டயர் ஆனேன். தம்பிகள் படித்து முடித்தார்கள், எனக்கும் கல்யாணமானது, இந்தக் கோபர்கைரனே வீடும் அந்தச் சம்பளத்தில் வந்ததுதான். அலமேலுவுக்கு வேலை கிடைக்கவில்லை. மாமாக்களிடம் போனாள்தான். ஆனால் அவர்களின் ஆபீஸ்களிலும் அந்த வருஷங்களில்தான் கம்ப்யூட்டர் நுழைந்துகொண்டிருந்தது. ஸ்டெனோ, டைப்பிஸ்ட், சூப்பரின்டென்டென்ட் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கோவிலுக்குப் போனால் மாமாக்கள் காலை பத்து மணிக்கே அங்கே உட்கார்ந்திருந்தார்களாம், ஆபீஸ் போகும் சட்டையோடு. கொஞ்ச நாளில் அவள் கணவர் வேலையும் போனது. மாட்டுங்கா வீட்டை விட்டுவிட்டு, ரயிலில் ஒரு மணி தூரமுள்ள கல்யாணுக்குக் குடிபோனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு, எதற்குப் பயந்தாளோ அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

தாணேயில் ரயில் மாறி அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை கேட்டே விட்டேன், அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று.

"பொய்யின்னா நெனைச்சே? அன்னிக்கு இல்லேன்னாலும் அடுத்த வாரம் நெஜமாயிடும்னு நெனைச்சேன். அத்தனை மாமா இருந்தாளே! அவா நாற்காலியே ஆடிண்டிருக்குன்னு நேக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா?"

"உன்னோட மல்லுக்கு நின்னிருப்பேன். சும்மா விட்டிருப்பேன்னு நெனைச்சியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரிய தியாகம் என்று அவள் சொல்லியிருந்தால்கூட நான் இவ்வளவு கடன்பட்டதாக உணர்ந்திருக்கமாட்டேன்.

என் மகள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். இது எத்தனையாவது கம்பெனி என்று கேட்டால் அவளே விரல்விட்டுத்தான் சொல்வாள். சமீபத்தில் அவர்கள் குழுவில் ஆட்களைக் குறைத்தார்கள். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப்பை மூடிவிட்டு வந்து, "பச் கயி மா! தப்பிச்சேன், வேலையில இருக்கேன். ஒரே ஒரு பொண்ணுதான் போயிட்டா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் போன உயிர் திரும்பியது. அப்புறம்தான் கேட்டேன்.

"போனது ஆருட்டி? அவ வீட்டுல கஷ்டமா?"

"தெரியாதும்மா. புனேவோ நாக்பூரோ. மீட்டிங்ல கேமரா ஆன் பண்ண மாட்டா."

"ஒன்னோட பேசினதே கிடையாதா?"

"வேலை விஷயமா மெசேஜ் போடுவோம், பஸ், அவ்ளோதான். யார் போகணும்னு சிஸ்டம்லயே வந்துடும்மா. நாங்க யாரும் யாரையும் கேக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். பாவம், இரண்டு நாள் தூங்காத பிள்ளை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. யார் எழுந்துபோனதால் நான் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். அவள் வீடு தெரியும், கறிவேப்பிலை எண்ணெய் வாசம் தெரியும், நினைத்தால் நாளைக்கே கல்யாணுக்கு ரயில் ஏறி அவள் எதிரில் போய் உட்காரலாம். என் மகளுக்கு அப்படிப் போய் உட்கார ஒரு வீடு கிடையாது.