ஜிங்க் கட்டிக்குப் பூசிய நீலம்

புதுப் பெயிண்டும் கருவாடும் வெயிலில் சேர்ந்து அடிக்கும் வாடைதான் எனக்குத் தடைக்காலம். கடலுக்குப் போகக்கூடாத அந்த மாதங்களில் எல்லோரும் படகைக் கரையேற்றி அழகு பார்ப்பார்கள். அக்காள்மடத்தில் எங்கள் அய்யாவைப்போல அழகு பார்த்தவர் யாருமில்லை, என்னைப் பெற்றவர் என்பதற்காகச் சொல்லவில்லை. விரற்கடை இடம் விடாமல் நீலம் பூசுவார். சுக்கானில் முடுக்கியிருக்கும் "ஜிங்க்" என்ற துத்தநாகக் கட்டியையும் விடமாட்டார்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அந்தச் சுக்கானின் இரும்புத் தகடு அரித்து, நடுக்கடலில் உடைந்து, படகு எல்லைப் பக்கம் ஒதுங்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திராவிட்டால், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அய்யா எதிர்க்கரைச் சிறையில் கிடந்திருப்பார். அம்மா அன்றைக்கு உலையே வைக்கவில்லை.

மறு வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. எந்த உலோகத்துக்கு வினைபுரியும் வேகம் அதிகமோ அது முதலில் கரையும் என்று வகுப்பில் படித்ததும் எனக்குச் சுக்கான் ஞாபகம்தான் வந்தது. அந்தத் தடைக்காலத்தில் ஒருநாள், அய்யா மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில், உடைந்த ரம்பத் தகட்டால் ஜிங்க் கட்டியின் நீலத்தைச் சுரண்டி எடுத்தேன்.

"பொம்பளப் பிள்ளைக்குப் படகுல என்னத்தா வேலை? நாளைக்குத் தண்ணியில எறக்கணும்!" சாப்பிட்டுத் திரும்பிய அய்யா கத்தினார். எனக்குப் பயம்தான். ஆனாலும் வீட்டுக்கு ஓடி, ஒரு கிளாஸில் மயில்துத்தம் கரைத்துக் கொண்டுவந்து, அவர் முன்னாலேயே ஓர் இரும்பு ஆணியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆணி செம்பு நிறமானது. மெல்ல மெல்லத் தண்ணீரின் நீலமும் வெளுத்தது.

"இரும்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள போயிருச்சுங்கய்யா, துத்தத்துல இருந்த செம்பு ஆணியில ஏறிருச்சு. ஜிங்க்குக்கு இரும்பவிட வேகம். அது வெறும் மேலோட இருந்தா அதுதான் கரையும். மூடி வச்சா, கடலு சுக்கானத் திங்கும்."

அய்யா ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெயிண்ட் டப்பாவை மூடினார்.

அடுத்த தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோது ஜிங்க் கட்டி புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்திருந்தது. சுக்கான் புதுசுபோல நின்றது. கரை முழுக்க, "ஏலே, எம்மகளக் கேட்டுட்டுப் பெயிண்டடிங்கடா!" என்று அய்யாவின் சத்தம்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் படகை உடைத்து விற்று வருஷமாயிற்று. அய்யாவும் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, கடலுக்குப் போன காலம்வரை அவரை யாரும் கயிறு கட்டி இழுத்து வந்ததில்லை. அதில் பாதி என்னால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.