மாலதி தாண்டிய பக்கங்கள்

தாராவியில் எங்கள் சந்தில், இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து நேரே தமிழில் வாசிக்கத் தெரிந்தவள் மாலதி ஒருத்திதான். மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய ரத்தக்காட்டேரி நாவல்கள். ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் ஒரு விளையாட்டை வைத்து எழுதப்பட்டவை, ஏழு பாகம். அந்த விளையாட்டின் விதிகள் எங்களுக்குத் தெரியாது. மாலதி வாசிப்பாள், நாங்கள் லூடோ பகடையை உருட்டிச் சண்டை போடுவோம். பேச்சிராஜாவுக்கு எப்போதும் காட்டேரிப் பிரபு வேடம். ஆனால் அந்தப் பிரபுவின் கோட்டையிலிருந்து பாலத்தைக் கொளுத்திவிட்டுத் தப்பும் இசோராவின் மேல்தான் அவனுக்கு மயக்கம்.

மயக்கம் தெளியவே இல்லை. மூத்த பெண் பிறந்ததும், உக்கிரமான குலதெய்வம் பேராச்சியின் பெயரை வைக்கச் சொன்ன மொத்தக் குடும்பத்தையும் எதிர்த்து, இசோரா என்று வைத்தான்.

அவன் இப்போது தோல் பைப் பட்டறை நடத்துகிறான். மாலதி செம்பூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். நான் கனடா போய்ச் சேர்ந்துவிட்டேன். இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, காலேஜ் போகும் இசோரா தன் பெயர் வந்த புத்தகம் வேண்டும் என்று கேட்டாள். ஏழு பாகங்களையும் தேடி வாங்கி, விமானத்தில் மூன்றாம் பாகத்தைப் பிரித்தேன்.

இசோரா மொத்தமே நாலு பக்கம்தான் வருகிறாள். பாலமும் இல்லை, தீயும் இல்லை. பிரபு அவளைக் கட்டிப்போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறான்; எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சப்புக்கொட்டுகிறார். சாகும்போது அவள் அவனுக்கு நன்றி வேறு சொல்கிறாள். மற்ற பாகங்களிலும் பெண் என்றால் ரத்தம் நிரம்பிய கோப்பை, அவ்வளவுதான். விமானச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். இதை எப்படி அந்தப் பெண் கையில் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை மாலதி வீட்டுக்கு பேச்சிராஜாவையும் வரச்சொல்லி, அந்தப் பக்கங்களைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தவன் முகம் கோணிப்போனது.

“ஏட்டி மாலதி, பாலம் எங்கட்டி?”

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. “புக்குல ஏதுல பாலம்? நான் போட்டது. அந்த எடம் வந்ததும் எனக்கு ஒங்கரிச்சிட்டு வந்திச்சு. ஒங்க முன்னால எப்படி வாய்விட்டு வாசிக்க? தாண்டிட்டேன். கதை நிக்கணும்லா, பாலத்தக் கொளுத்துனேன்.”

“எங்கம்மா ரெண்டு வருசம் எங்கூடப் பேசலட்டி, இந்தப் பேரால! அப்பமே சொல்லித் தொலைச்சா என்ன?”

“பேரு வச்சிட்டு ஸ்வீட் டப்பாவோட வந்து நின்ன. அப்பமா சொல்ல?”

“கடைசில ரத்தம் உறிஞ்சுற வேலைக்கே போயிட்டா, பாரு” என்று என்னிடம் பொருமினான். பிறகு குரல் இறங்கியது. “ஏல, அவ இப்ப வருவா. புக்கு ஏர்போர்ட்ல தொலைஞ்சிட்டுன்னு சொல்லிருவமா?”

அதற்குள் இசோரா வந்துவிட்டாள். “அங்கிள், புக் லாயா க்யா, கொண்டாந்தீங்களா?” அப்பன் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டாள். “சோடோ நா, பப்பா.” பிடுங்கி, அவன் விரல் வைத்திருந்த பக்கத்திலேயே பிரித்து, நின்றபடி படித்தாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சீ!” கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். “இதப் படிச்சிட்டா எனக்குப் பேரு வெச்சீங்க?”

பேச்சிராஜா மாலதியைக் கைகாட்டினான்.

“அவன் எங்க படிச்சான்? நான் சொன்னதக் கேட்டு வச்சான்” என்றாள் மாலதி. “பாலத்தக் கொளுத்துனவ பேரு அது. புக்குல இருக்குற இந்தக் கழுத பேரு இல்ல.”

“பேராச்சின்னே வெச்சிருக்கலாம் பப்பா. அவகிட்ட எவனாவது இப்டி பண்ண முடியுமா?”

மாலதி ஈரக்கையோடு வந்து புத்தகத்தை வாங்கினாள். அந்த நாலு பக்கத்தையும் கிழித்து, மீன் செதிலையும் குடலையும் அதில் சுருட்டினாள்.

“மத்த புக்கெல்லாம்?” என்றேன்.

“அதுவும் இதே நாத்தந்தானே. வை, அடுத்த வாரமும் மீன் வாங்கணும்.”

இசோரா அப்பாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். முகம் இன்னும் சுளித்தே இருந்தது. “ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் பாலம் கதையத்தான் சொல்லி வெச்சிருக்கேன். பாலத்தக் கொளுத்திட்டு அவ போனதும் அந்தப் பிரபு என்ன பண்ணான்?”

“தொரத்துனேன்” என்றான் பேச்சிராஜா, தரையைப் பார்த்துக்கொண்டு. “பகடைல ஒண்ணு விழுந்திச்சு. ஆத்துல போயி விழுந்தேன்.”

“நல்லா வேணும்” என்றாள்.