முந்நூற்றெட்டுக்கு ஒரு செம்புச் சன்னம்

துவக்குக் கடைக்காரர் மேசையில் ஐந்து தோட்டாப் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, ஈயத்தை விட்டு ஏன் செம்புக்கு மாறுகிறீர்கள் என்று கேட்டார். எல்லா இடமும் கட்டாயமாக்கப் போகிறார்களாமே என்றேன். இப்போது வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் தலையாட்டினார். எனக்கு வசதியாகப் போயிற்று. கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன்.

உண்மைக் காரணம் வேறு. அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன் என் வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. கரு தரித்துப் பதினோராவது கிழமை. முழுகாமல் இருந்த அந்த நாட்கள் முழுவதும் நான் ஆசையாகச் சாப்பிட்டது மான் இறைச்சிக் கறி. மானை ஈயச் சன்னத்தால் சுட்டது நான். கறியைச் சமைத்தது அப்பா. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். அந்த வசந்த காலத்தில் எனக்குள் உயிரோடு இருந்த ஒரே எண்ணம் அதுதான். மற்றதெல்லாம், பல் வைத்தியர் ஊசி போட்ட கன்னம்போல, இருந்தது, தொட்டால் தெரியவில்லை.

நான் துவக்குத் தூக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹனோவருக்குத் தெற்கே ஒரு தனியார் காட்டை நிர்வகிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் இளம் ஓக் கன்றுகளை நடுவோம். மான்கள் வந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். இந்த வேலையில் இருப்பதென்றால் வேட்டை உரிமம் எடுத்தாக வேண்டும் என்றார்கள், படித்து எடுத்தேன். வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிதருடைய மகள், வெடிக்கிற சாமானைச் சொந்தக் காசில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், துவக்கைப் பூட்டிவைக்கும் இரும்பு அலுமாரியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். ஐந்தாம் நாள், நான் சுடப்போகும் மானின் இறைச்சியைக் கறி வைக்கலாமோ என்று கேட்டார். அத்தோடு சமாதானம் ஆயிற்று.

அம்மா இறந்த பிறகு அப்பா எங்கள் வீட்டுக் கீழ்மாடியில்தான் இருக்கிறார். வீட்டுச் சமையல் அவர் பொறுப்பு. என் கணவர் ஜெர்மன்காரர், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். வேட்டைக்காரியைக் கட்டிக்கொண்டு பருப்பும் சோறும் சாப்பிடுகிற ஆளென்று அவரை நாங்கள் இருவரும் வேண்டியமட்டும் நக்கலடித்திருக்கிறோம். ஆகவே இறைச்சிக் கறிக்கு இந்த வீட்டில் இரண்டு வாய்கள்தான் இருந்தன.

நாங்கள் செய்த பிழை எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. இங்கே வேட்டைக்காரர்கள் சன்னம் பாய்ந்த இடத்தைச் சுற்றி ஒரு கையளவு இறைச்சியை வெட்டி எறிந்துவிடுவார்கள். முன்னங்கால் சப்பையில் பட்டிருந்தால் பெரும்பாலும் முழுச் சப்பையும் நாய்க்குத்தான். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். முப்பது வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் நின்று, வெள்ளைக்காரர் மிச்சம் விட்டதையெல்லாம் கொட்டிக் கொட்டிக் கை அலுத்தவர் அப்பா. சப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவங்களுக்கு என்ன விசரோ? எலும்போட எவ்வளவு சதை கிடக்குது, இதைப் போய் நாய்க்குப் போடுறாங்கள்” என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் சப்பை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. உறைந்த இரத்தத்தைக் கழுவி, எலும்போடு சின்னத் துண்டுகளாக வெட்டி, காட்டு வெடுக்குப் போக வினாகிரியில் ஒரு இரவு ஊறவைப்பார். மறுநாள் வறுத்த தூளும் பழப்புளியும் விட்டு வற்ற வைப்பார். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு என்னைச் சாப்பிடவைப்பதே வேலை. மற்றச் சாப்பாடெல்லாம் குமட்டியது. அந்தக் கறி மட்டும் இறங்கியது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஈயச் சன்னம் உடலுக்குள் பாயும்போது நொறுங்கித் தூளாகிப் பரவும், காயத்திலிருந்து தள்ளியும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்த இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வேட்டைப் பரீட்சையில் வந்த கேள்வி. சரியான விடைக்குத்தான் புள்ளடி போட்டேன். பரீட்சை முடிய மறந்துபோனேன். புளிப்பில் ஊறினால் ஈயம் இன்னும் கூடக் கரையும் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். வாசித்துவிட்டுக் கணினியை மூடினேன். எழுந்து போய் உடுப்புக் காயப்போட்டேன்.

டொக்டரிடம் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் இதனால்தான் என்று சொல்ல முடியாது, ஆரம்ப வாரங்களில் எத்தனையோ பேருக்கு இப்படி நடக்கிறது, காரணம் தேடாதீர்கள் என்றார். நல்ல பெண். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கணவருக்கு அன்றே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மரங்களுக்கு என் கதை தெரியாது. மே மாதம் பிறந்தால் மான் சுட்டாக வேண்டும். அதனால்தான் துவக்குக் கடை.

கடைக்காரர் பொறுமைசாலி. தண்ணீர்த் தொட்டியில் சுட்டு எடுத்த இரண்டு சன்னங்களை என் உள்ளங்கையில் வைத்தார். செம்பு, பூ விரிந்த மாதிரி நாலு இதழாகத் திறந்து முழுதாக இருந்தது. ஈயம், மென்று துப்பிய பாக்குப்போல் கிடந்தது. இரண்டையும் தராசில் வைத்தார். செம்பின் எடை அப்படியே இருந்தது. ஈயத்தில் ஒரு நல்ல பங்கைக் காணவில்லை.

மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

“இது தொட்டித் தண்ணீரில். மான் என்றால், இறைச்சியில்” என்றார், வெகு சாதாரணமாக.

பிறகு செம்பின் குறைகளையும் மறைக்காமல் சொன்னார். செம்பு எடை குறைவு. நல்ல வேகம் இருந்தால்தான் இதழ் விரியும், ஆகவே அதிக தூரத்திலிருந்து சுடக்கூடாது. மான் பட்ட இடத்திலேயே விழாமல் கொஞ்சம் ஓடலாம். நாய் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட, எந்தத் துவக்குக்கு எந்தச் செம்பு பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். என்னுடையது முந்நூற்றெட்டு அளவுத் துவக்கு. அந்த அளவில் ஐந்து வகை. ஐந்திலும் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன்.

சுடுதளத்துக்கு என்னோடு வேலை செய்யும் பெரியவரும் வந்தார். ஈயச் சன்னத்தால் சுட்டதை ஐம்பது வருடமாகத் தின்கிறேன், என்னைப் பார் என்றார். பார்த்தேன். இளைப்பாறும் வயதிலும் ஏணி ஏறி மரப் பரணில் உட்காருகிறார். அவருக்குப் பிள்ளை பெறுகிற வேலை இல்லை என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

குழலில் ஒட்டியிருந்த பழைய படிவை முழுக்கத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வகையிலும் நூறு மீற்றரில் மூன்று வெடி வைத்தேன். முதல் வகை தாள் முழுக்கச் சிதறியது. இரண்டாவது வலப்பக்கம் போனது. மூன்றாவதில் மூன்று துளைகளும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றியால் மூடலாம். மிச்ச இரண்டையும் கடமைக்குச் சுட்டேன். மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். தாளைப் பார்த்துப் பெரியவர் கை குலுக்கினார். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை அலுமாரிக்குள் வைக்கும்போது அப்பா பின்னால் நின்றார்.

“என்ன பிள்ளை, புதுசா இருக்குது?”

“செம்பு, அப்பா. வேலையில மாத்தச் சொல்லிட்டினம்.”

“ஓம், ஓம். மாத்துறதுதான் நல்லது” என்றுவிட்டுக் கீழே போனார்.

மே மாத இரண்டாம் கிழமை ஒரு வயதுப் பெட்டை மான் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் சொன்னபடியே ஓடியது, எண்பது அடி தூரம். பெரியவரின் நாய் கண்டுபிடித்தது. வழக்கம்போலச் சப்பையை எனக்கென்று எடுத்தேன். பிள்ளை போனதிலிருந்து அப்பா இறைச்சி கேட்கவே இல்லை. துக்கத்தில் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். நான் பழையபடி கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வராது என்பது என் கணக்கு.

சனிக்கிழமை மதியம். அப்பா சப்பையை வாங்கிப் பலகையில் வைத்தார். சன்னம் போன துளையை விரலால் தடவினார். கத்தியை எடுத்து, அதைச் சுற்றி ஒரு கையளவு இறைச்சியை வெட்டிக் குப்பை வாளிக்குள் போட்டார். மறுபடி வெட்டினார், இன்னும் அகலமாக. ஒரு கறிவேப்பிலைக் காம்பைக்கூட எறிய மனம் வராத மனிதர். பலகையில் எலும்பும் கொஞ்சச் சதையும்தான் மிஞ்சியிருந்தன. அப்போதும் கத்தி நிற்கவில்லை.

“அப்பா, உது செம்பு. எறியத் தேவையில்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது.

“தெரியும்” என்றார், திரும்பாமல்.

“என்ன தெரியும்?”

கத்தியைக் கீழே வைத்தார். “உன்னை ஆஸ்பத்திரியில உள்ளுக்குக் கொண்டுபோன பிறகு, அங்க மேசையில ஒரு தாள் கிடந்தது. முழுகாமல் இருக்கிறவை என்ன சாப்பிடக்கூடாது எண்டு. ஒவ்வொரு சொல்லாப் பிடிச்சு வாசிச்சன். வேட்டை இறைச்சியும் எழுதியிருந்துது.”

“அதாலதான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அப்பா. டொக்டரே சொல்ல ஏலாது எண்டவ. சுட்டதும் நான்தானே. தெரிஞ்சா நீங்கள் உடைஞ்சு போவீங்கள் எண்டுதான் நான் சொல்லேல்லை.”

அவர் பைப்பைத் திறந்து கை கழுவினார். கழுவி முடிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் ஏன் சொல்லேல்லை தெரியுமோ?” என்றார். “தெரிஞ்சா நீ இனி என்ர கையால சாப்பிடமாட்டாய் எண்டு பயந்தனான்.”

அவர் தோள்கள் குலுங்கின. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பைப்பைப் பூட்டினேன். பலகையில் கிடந்ததைச் சட்டியில் போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

“சமையுங்கோ, அப்பா. பசிக்குது.”

பசிக்கவில்லை. ஆனாலும் ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அவர் சமைத்து முடிக்கும்வரை குசினியிலேயே உட்கார்ந்திருந்தேன்.