மிதந்த கம்பிகள்

கடற்கரையோரம் இருந்த பழைய ஸ்கேட்போர்டு திடலை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிய வேலைக்கு நான்தான் மேற்பார்வையாளர். உப்புக் காற்றில் உள்ளிருந்த இரும்புக் கம்பி துருவேறி உப்பி, பழைய கான்கிரீட்டைப் பிளந்திருந்தது. அதனால் இம்முறை கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த மஞ்சள் கம்பி. துருப்பிடிக்காது, எடையும் இரும்பில் கால்வாசிதான்.

கம்பி கட்ட ஓர் அக்கா வந்தார். எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருவார். கணவரோடு இந்தத் தொழிலுக்கு வந்தவர். முதுகு வலியால் அவர் நின்றுவிட, இவர் தனியாகத் தொடர்ந்தார். கம்பிகள் குறுக்கிடும் இடம் எல்லாவற்றிலும் முடிச்சுப் போடவா என்று முதல் நாளே கேட்டார். மழைக்கு முன் முடிக்கும் அவசரம் எனக்கு. இரும்புக்குச் செய்வதுபோல ஒன்றுவிட்டு ஒன்று போதும் என்றேன்.

கான்கிரீட் கொட்டி, உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் வெளியேற அதிர்வுக் கருவியை இறக்கியதும், எடை குறைந்த மஞ்சள் கம்பிகள் மேலே தலைகாட்டின. மட்டம் தேய்ப்பவர்கள் அழுத்திவிட்டுப் பூசினார்கள். மறுபடியும் எழுந்தன.

“தம்பி, கம்பி மிதக்குது. கான்கிரீட் லோரியை நிறுத்தச் சொல்லுங்க,” என்றார் அக்கா.

மேலே மெல்லிசாக மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார் தேய்ப்பவர்களில் ஒருவர். சில நொடிகள் அதையும் யோசித்தேன். பிறகு நிறுத்தச் சொன்னேன். அடுத்த லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கொட்டிய கான்கிரீட்டை இறுகுவதற்குள் எல்லோரும் மண்வெட்டியால் வாரி அகற்றினோம். அக்கா குழாய் நீரில் கம்பிகளைக் கழுவினார்.

பொறியாளர் போனில், கம்பியை யார் கட்டியது என்று கேட்டார். நான் சொன்னபடிதான் அக்கா கட்டினார், தவறு என்னுடையது என்றேன். அக்கா பக்கத்தில்தான் நின்றார்.

“அன்னைக்கே கேட்டேன்லா,” என்றார், போனை வைத்ததும்.

“கேட்டீங்கக்கா. நான்தான் வேணாம்னேன்.”

மறுநாள் அக்கா எல்லா இடத்திலும் முடிச்சுப் போட்டு, வலையைத் தரையில் அடித்த முளைகளோடும் இழுத்துக் கட்டினார். இரண்டாம் முறை கம்பி அசையவில்லை.

நிறுவனத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அடுத்த வேலைக்கும் அந்த அக்காவையே அழைத்தேன். பிறைக்குப் பக்கத்தில் செபராங் ஜெயாவில் ஒரு வேலை இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றார்.