ஒன்பது பேர் நிற்கிறம், ஒராள் குறையுது

சோல் அங்கிள் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் மல்வேர்ன் பஸ்ஸில் இருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வீடுகளெல்லாம் பாலில் மிதப்பதுபோல இருந்தன. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன்.

எங்கள் கோயில் ஆட்களுக்கு அவரைத் தெரியும். என் மகளின் கலியாணத்தில் சின்ன வட்டத் தொப்பியோடு முன்வரிசையில் இருந்து, தங்கள் சாப்பாட்டு விதி என்று வாழைப்பழம் மட்டும் உரித்துச் சாப்பிட்டாரே, அந்த யூதக் கிழவர்தான். ஆறு வருடம் அவரைப் பராமரித்தேன். அவர் பேசுவது ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

மனைவி எஸ்தர் அன்ரி இறந்த பிறகு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். டொக்டர் கொடுத்த குளிசையை விழுங்குவார், ஆனால் எழும்பமாட்டார். "அங்கிள், சுவரில என்ன படமே ஓடுது?" என்று கேட்டேன். முன்பென்றால் பதிலுக்கு இரண்டு பகிடி விடுவார். அன்றைக்கு, "நான் ஏன் இன்னும் இருக்கிறன், ரஞ்சி?" என்றார்.

பிறகு ஒரு காலை, அவர்களுடைய ஜெபக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"ஒன்பது பேர் நிற்கிறம். ஒராள் குறையுது. சோலைக் கூட்டிக்கொண்டு வா."

இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைப் பத்துப் பேர் கூடாமல் சொல்ல முடியாதாம்.

"நான் வந்தாக் காணாதோ?"

"உன்னைச் சேர்க்கேலாது, பிள்ளை!"

தான் போகாவிட்டால் யாரோ ஒருவனுடைய தகப்பனுக்கான பிரார்த்தனை நின்றுவிடும் என்று திட்டிக்கொண்டே அங்கிள் எழும்பினார். இரண்டு தெருதான். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

மறுநாளும் ஒன்பது. அதற்கு அடுத்த நாளும் ஒன்பது. நாலாம் நாள் அங்கிள் தானாகச் சவரம் செய்தார். பிரார்த்தனை முடிந்தால் கோப்பி, உப்பு மீன், ஒருவரை ஒருவர் நக்கல். பின் வாங்கில் உட்கார்ந்து நான் கண்ணை மூடினால், விளங்காத அந்த முணுமுணுப்பு கடல்போல ஏறி இறங்கும். எந்தக் கரையில் இருக்கிறேன் என்றே தெரியாது.

அப்படி ஒரு காலையில் சும்மா விரலை நீட்டி எண்ணத் தொடங்கினேன். "ஒண்டு, ரெண்டு..." அங்கிள் என் விரலைப் பிடித்து மடக்கினார்.

"ஆட்களை எண்ணக் கூடாது. எண்ணத்தான் வேணுமெண்டா, ஒண்டில்லை, ரெண்டில்லை எண்டு எண்ணு."

அப்படியே எண்ணினேன். பதினாலில்லை வரைக்கும் போனது.

என் வாய் சும்மா இருக்குமா? திரும்பி வரும் வழியில், "அங்கிள், பொய் சொல்லி உங்களைப் பேய்க்காட்டுறாங்கள். நீங்கள் இல்லாமலே பதின்மூண்டு பேர் நிக்கினம்" என்றேன். அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். வீடு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மனிதர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினால் அது என் நாக்கு செய்த வேலை.

அடுத்த நாளும் தொலைபேசி அடித்தது. அதே ஒன்பது. அதைப் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அங்கிள் கட்டில் விளிம்பில் காலுறையோடு இருக்கிறார்.

"என்ன முழிசுறாய்? சப்பாத்தைக் கொண்டா. ஒன்பது பேராமே?"

"உங்களுக்கு முதலே தெரியுமே?"

"முப்பது வருஷமா அந்தப் பொய்யை ரெலிபோனில சொன்னது ஆர்? நான்தான். என்னட்டையாவது கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம், கழுதையள்." சிரித்தார். எஸ்தர் அன்ரி போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. "சும்மா வா எண்டா ஒருத்தரும் வராயினம், ரஞ்சி. நீ இல்லாமக் குறையுது எண்டு சொல்லவேணும்."

அதன்பிறகு நாலு பனிக்காலம் நடந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பொய் ஒன்றைத்தான். மரகதம் அக்கா, வாசித்துவிட்டுக் கோபிக்காதேயுங்கோ. அத்தான் போனதிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு, போன வெள்ளி, கோயிலில் மாலை கட்ட ஒராள் குறையுது என்று போன் எடுத்தேன். நீங்கள் வந்தபோது அங்கே ஏற்கெனவே எட்டுப் பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் நூலைக் கையில் எடுத்தீர்கள்.

நாளைக்கும் ஒராள் குறையுது, அக்கா.