இந்தியா கேட்டில் ஒரு பிசிறு

டில்லிக்குக் கிளம்பும் முன்பே என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், போகிற இடத்தில் யாருடைய துணியையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று. திருப்பூரில் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். அவர் டெய்லர், டீ ஷர்ட்டின் கீழ்மடிப்பைத் தைப்பவர். நான் செக்கிங். அவர் தைத்ததில் குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம். வீட்டில் அதைச் சும்மாவே செய்வேன்.

சொன்ன பேச்சை அவர் எங்கே கேட்டார்? செங்கோட்டையில் எல்லோரும் கோட்டையைப் பார்க்க, இவர் முன்னால் போனவரின் தோள்பட்டைத் தையலைப் பார்த்தார். குதுப்மினாரில் ஒரு பெரியவரின் காலருக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரச நின்றார். பெரியவர் திரும்பி முறைத்ததும் மினாரின் உயரத்தை அளப்பதுபோல அண்ணாந்துகொண்டார். எனக்கு மானம் போயிற்று.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தியா கேட் முன்னால் இருவரும் சேர்ந்து நிற்கிற படம். கல்யாண ஆல்பம் முழுக்க அவர் கண்ணை மூடியிருப்பார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒருவர் நிற்போம், ஒருவர் எடுப்போம். பதினொரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா? இரவல் கேமராவில் மிச்சம் இருந்தது ஒரே படம். வேறு ஃபிலிம் ரோல் வாங்கலாமென்றால் டூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளைக்காரரிடம் சைகையில் கேட்டேன். சந்தோஷமாகக் கேமராவை வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரரும் கண்ணை அகல விரித்து, விறைப்பாக நின்று சிரித்தார்.

வெள்ளைக்காரர் கேமராவைத் தூக்கியபோது அவருடைய டீ ஷர்ட்டும் கூடவே ஏறியது. கீழ்மடிப்பில் நான்கு விரல் நீளத்துக்கு நூல் பிசிறு தொங்கியது.

பார்க்காததுபோல இருக்கத்தான் முயன்றேன். முடியவில்லை. "ஒரு நிமிசமுங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போய், குனிந்து, பிசிறைப் பிடித்து இழுத்தேன். கையில் கத்தரி இருந்திருந்தால் வெட்டியிருப்பேன். அது அறுந்து வராமல் நீண்டது. இன்னும் இழுத்தேன். சர்ரென்று மடிப்பு சுற்றிலும் பிரிந்து, என் கை நிறைய நூல். தலைக்கு மேலே கேமரா கிளிக் என்றது.

அழுதே விட்டேன். பாவம் அந்த மனிதர், தன் டீ ஷர்ட்டுக்காக நான் அழுவதாக நினைத்து என்னைத் தேற்றினார். வீட்டுக்காரர் நிதானமாக வந்து, பிரிந்த மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"முடிக்கற எடத்துல லாக் பண்ணாம உட்டிருக்கறாங்க புள்ள. செக்கிங்ல பாத்திருக்கோணும்."

ஊருக்கு வந்து ஃபிலிமைக் கழுவினோம். இந்தியா கேட் முன்னால் அவர் மட்டும் கண்ணைத் திறந்து அழகாகச் சிரிக்கிறார். படத்தின் கீழ்ப்பாதியில் என் வகிடும் வதங்கிய கனகாம்பரமும். கிழித்துப் போடச் சொன்னேன். வீட்டுக்காரர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

வருகிறவர்கள் எல்லோரும் அவரை ஒரே கேள்விதான் கேட்பார்கள், ஏனுங்க, தனியாவா போயிருந்தீங்க என்று.

அவர் சிரிக்கவே மாட்டார். படத்தின் கீழே விரலை வைத்துக் காட்டுவார்.

"இல்லீங்க, ரெண்டு பேருந்தான். அவ டூட்டீல இருக்கறா."