டிக்கெட் வாங்கி வந்தவன்

கல்லூரியில் நான் படித்தது ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு ஓசூர், திருப்பூர், கோவா என்று சுற்றி, கிடைத்த வேலையைச் செய்து, கிடைத்த இடத்தில் தூங்கிப் பழகிவிட்டேன். படித்த பாடம் எதுவும் தலையில் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் தனியாக ஒரு ராக் கச்சேரிக்குப் போனது மட்டும் நிற்கிறது. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

எங்கள் ஊர் சாலவாக்கத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ராக் பாட்டு எனக்கு செல்போனில்தான் அறிமுகம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழன் ஒருநாள் என் காதிலிருந்த வயரைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "இன்னாடா இது, ரைஸ் மில்லு பெல்ட்டு அறுந்த மாதிரி கத்துது" என்று திருப்பிக் கொடுத்தான். எனக்கு அந்தக் கத்தல்தான் வேண்டியிருந்தது. வார்த்தை பாதி புரியாது. டிரம் அடிப்பது மட்டும் நேராக நெஞ்சுக்குள் போகும்.

கோடையில் எங்கள் ஊரில் கூத்து நடக்கும். கூத்துக்கு முன்னாலேயே போய்விட்டவன் சும்மா நிற்கக் கூடாது. குழாய் ரேடியோ ஸ்பீக்கர் கட்டவோ, ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளவோ கை கொடுக்க வேண்டும். காலனிப் பையன்கள் என்றால் கேட்கவே வேண்டாம், எங்கள் கை எப்போதும் அங்கே இருக்கும். ஆனால் கூத்து தொடங்கியதும் நாங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வோம். போ என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் அந்தக் கச்சேரிக்குத் துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. நெல் மூட்டை ஏற்றிய கூலியில் டிக்கெட் எடுத்தேன். நின்று பார்க்கும் டிக்கெட். முதலில் வருகிறவன் மேடைக்கு முன்னால் நிற்கலாம். நான் எந்தத் தெரு என்று தெரியாத கூட்டத்தில், ஒருநாள், முன்வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலையில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் ரயில் மாறி, சென்னைக்கு வெளியே இருந்த அந்த மைதானத்துக்கு உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. நான்தான் முதல் ஆள். பக்கத்தில் லாரியிலிருந்து இரும்புத் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு. மேஸ்திரி மாதிரி இருந்த ஒருவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பாத்துகினு கீற? ஒரு கை புடி."

பிடித்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. முன்னால் வந்தவன் கை கொடுப்பது எனக்குப் பழக்கம். டிக்கெட் வாங்கியவன் வெளியே நிழலில் உட்கார்ந்து காத்திருப்பான் என்பது எனக்குத் தெரியாது.

தடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவர் பேச்சுக் கொடுத்தார். "எந்தப் பக்கம் தம்பி?"

"உத்திரமேரூர்ணே. சாலவாக்கம் தாண்டி."

"அட, நமக்கு மதுராந்தகம். ஊர்ல கீறியா, காலனியா?"

"காலனி."

"சரி, சரி" என்றார். அதற்குப் பிறகு தம்பி இல்லை. "டேய், அந்தப் பொட்டிய இயுத்துகினு வாடா." "டேய், அந்த ஒயர சுத்துடா." அத்தனை தூரம் பயணம் செய்து வந்த எனக்கு, ஒரு கேள்விக்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் அவர் எல்லோரையும் விரட்டினார். "வேலைக்கு வந்தவனுங்கல்லாம் ஜெனரேட்டராண்ட போங்கடா. ஜனம் உள்ள வரப் போவுது."

"நான் டிக்கெட் வாங்கிக்கினு வந்தவன்ணே" என்றேன்.

"டிக்கெட்டா? பஸ் டிக்கெட்டா?" என்று சிரித்தார். போனை எடுத்து அதிலிருந்த டிக்கெட்டைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. "யாரு போனுடா இது?"

"என்னுதுதான். காலேஜ்ல படிக்கிறேன்."

"காலேஜ் பட்ச்சிகினு இன்னாத்துக்குடா வந்து கம்பி தூக்குன?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நீ கூப்பிட்டாய், அதனால் தூக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் காவலாளி ஒருவன் என் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினான். டிக்கெட் இருந்தால் வரிசையில் வா என்றான். வரிசை மெயின் ரோடு வரைக்கும் போயிருந்தது. முதலில் வந்த நான் அதன் வாலில் போய் நின்றேன்.

வாசலில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்து, மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே விட்டாள். இசைக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று கல்லூரி விழாவில் ஒரு ஆசிரியர் பேசியிருந்தார். அவர் எதைத் தூக்கிக்கொண்டு எந்தக் கச்சேரிக்குப் போனார் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

பாட்டு தொடங்கிவிட்டது. நான் காசு கொடுத்துக் கேட்க வந்த சத்தம், கோபத்தில் காதில் ஏறவே இல்லை. தோளாலும் முழங்கையாலும் இடித்துக்கொண்டு முன்னால் போனேன். திட்டினார்கள். நானும் திட்டினேன். மேடையின் இடது மூலையில் தடுப்புக் கம்பி கைக்கு எட்டியது. நானே தூக்கி வந்து மாட்டிய கம்பியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது பாட்டு முடிந்தபோது கூட்டம் பின்னாலிருந்து நெட்டியது. தடுப்பு ஆடியது. மேடைப் பக்கத்திலிருந்து மேஸ்திரியும் ஆட்களும் ஓடிவந்து பிடித்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"டேய் காலனி! தாண்டி வாடா இந்தாண்ட! வந்து புடி!"

என் கால் எழும்பிவிட்டது. உண்மையிலேயே எழும்பிவிட்டது, கம்பியின் கீழ்ச் சட்டத்தில் மிதித்துவிட்டேன். அந்தப் பக்கம் குதித்தால் கச்சேரி முடியும்வரை மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காலைக் கீழே வைத்தேன். மணிக்கட்டுப் பட்டையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"நான் டிக்கெட்டுணே."

"இன்னாடா திமிரு ஒனக்கு, பொறம்போக்கு..." என்று ஆரம்பித்தார்.

டிரம் இறங்கியது. காலடி மண் அதிர்ந்தது. நான் கம்பியை விட்டுக் கைகளை மேலே தூக்கினேன். அவர் தடுப்பைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்தே திட்டிக்கொண்டிருந்தார். வாய் அசைவது நன்றாகத் தெரிந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.